முகம் எரியுது, கை வெடிக்குது, ராத்திரி அரிக்குது: கடலூர், புதுச்சேரி வாசகர்களோட தோல் கேள்விகளுக்கு பதில்

இந்த தடவ வந்த கேள்விகள மேலோட்டமா படிச்சா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா எல்லாத்துக்கும் வேர் ஒரே இடம்தான். தோலோட ஆக மேல இருக்கற அடுக்கு, டாக்டருங்க நாங்க ஸ்கின் பேரியர்னு சொல்றது, அது கெட்டுப்போயிருக்கு. பல இடத்துல அதோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல 50-ல ஒரு பங்கு கூட இருக்காது. செத்த செல்கள் செங்கல் அடுக்குன மாதிரி இருக்கும், நடுவுல செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் கலந்த ஒரு சாந்து, அதுல பாதிக்கு பாதி செராமைட்தான். அந்த சாந்து கரைஞ்சா உள்ள இருக்கற ஈரம் வெளிய போயிடும், வெளிய இருக்கற சோப்பு, தூசி, கிருமி எல்லாம் உள்ள வந்துடும். இதுக்கு என்ன வாங்கி தடவலாம்னுதான் எல்லாரும் கேக்கறீங்க. நான் கேக்கறது, இப்ப தடவிக்கிட்டு இருக்கறதுல எத நிறுத்தப்போறீங்க?

*கேள்வி: எனக்கு 24 வயசு, புதுச்சேரி முத்தியால்பேட்டை. வீடியோ பாத்து பாத்து வைட்டமின் சி சீரம், ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட், வாரத்துல மூணு தடவ ஸ்க்ரப்னு எல்லாம் போட்டேன். இப்ப வெறும் தண்ணி பட்டாலே முகம் எரியுது, சிவக்குது, பளபளன்னு இழுத்து கட்டுன மாதிரி இருக்கு. எந்த சீரம் போட்டா சரியாகும் டாக்டர்?*

எந்த சீரமும் வேணாம்மா. நீங்க சொன்ன எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்து அலமாரில வைங்க, ஸ்க்ரப்ப மட்டும் தூக்கியே போட்டுடுங்க. காலைல வெறும் தண்ணில முகம் கழுவுங்க, ராத்திரி ஒரே ஒரு தடவ நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத க்ளென்சர், முகம் ஈரமா இருக்கும்போதே கிளிசரினோ செராமைடோ இருக்கற சாதாரண மாய்ஸ்ச்சரைசர், பகல்ல ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன், அவ்ளோதான். மேல் தோல் அடியில இருந்து புதுசா வளர்ந்து மேல வர கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும், அதனால நாலு நாள்ல சரியாகலன்னு அடுத்த பாட்டில ஆர்டர் போடாதீங்க. நம்ம ஊரு கடல் காத்து பிசுபிசுப்புக்கு கெட்டியான க்ரீம் தேவையில்ல, லோஷன் போதும், ஆனா நாள் முழுக்க ஏசில உக்காந்து வேலைன்னா கொஞ்சம் கெட்டியாவே போடலாம். எரிச்சல் முழுசா அடங்குனப்புறம் ஏதாவது ஒண்ணு மட்டும், வாரத்துல ரெண்டு ராத்திரி, அப்படி ஆரம்பிங்க. இத்தனையையும் ஒரே முகத்துல போடற அவசியம் யாருக்குமே கிடையாது.

*கேள்வி: பண்ருட்டி பக்கம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. உள்ளங்கையும் விரலும் கருத்து, தோல் உரிஞ்சு, சோறு பிசைஞ்சா காந்துது. இதுக்கு ஏதாவது களிம்பு இருக்கா?*

இந்த கேள்விய எழுதுனதுக்கு உங்களுக்கு நன்றி, ஏன்னா நம்ம மாவட்டத்துல எத்தனையோ பொம்பளைங்க இத வேலையோட ஒரு பகுதின்னு நெனச்சு பொறுத்துக்கிட்டே இருக்காங்க. முந்திரி ஓட்டுக்குள்ள தேன் அடை மாதிரி ஒரு அடுக்கு இருக்கு, அதுலதான் அந்த எண்ணெய் இருக்கும். அதுல அனகார்டிக் அமிலம், கார்டால்னு ரெண்டு பொருள். அது முதல்ல தோல நேரடியா அரிக்கும், அதான் கருப்பும் உரியறதும். தோல் திறந்துட்டா அதே எண்ணெய் உள்ள போய் சிலருக்கு அலர்ஜியாவும் மாறிடும், அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் கை மட்டும் இல்ல, முகம், கண்ணிமை, கழுத்து வரைக்கும் வீங்கும். சேராங்கொட்டை, மாமரம் எல்லாம் இதே குடும்பம்தான், அதனால முந்திரி ஒத்துக்காம போனவங்களுக்கு மாங்கா பால் பட்டாலும் வாய சுத்தி புண்ணு வரலாம்.

வேலைய விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது என்னால சுலபமா சொல்ல முடியும், உங்களால செய்ய முடியாது. ஆனா அந்த எண்ணெய் தோல்ல படறத தடுக்காம எந்த களிம்பு போட்டும் பிரயோஜனம் இல்ல. நைட்ரைல்ங்கற செயற்கை ரப்பர் கையுறை போடுங்க, கிழிஞ்சதும் மாத்துங்க, ஓட்டை விழுந்த கையுறைக்குள்ள எண்ணெய் போய் மாட்டிக்கிட்டா வெறுங்கைய விட மோசம். கையுறை வாங்கி குடுக்கறது வேலை குடுக்கறவங்க பொறுப்பு, நாலு பேரா சேர்ந்து போய் கேளுங்க. கையுறை போட்டா வேலை ஓடலங்கறவங்க, வேலைக்கு உக்கார முன்னாடி விளக்கெண்ணெய கெட்டியா பூசிக்கங்க, நடுநடுவுல திரும்ப பூசுங்க, கையுறை அளவுக்கு இல்லன்னாலும் ஒண்ணும் இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

சாயங்காலம் கை கழுவற விதம் ரொம்ப முக்கியம். மண்ணெண்ணெய், சோடா பவுடர், மணல் போட்டு தேய்க்கறது எல்லாம் மிச்சம் இருக்கற தோலையும் எடுத்துடும். முதல்ல சமையல் எண்ணெய் ஏதாவது ஊத்தி நல்லா தடவி துணியால துடைங்க, எண்ணெய எண்ணெய்தான் கரைக்கும், அப்புறம் மென்மையான சோப்பு போட்டு கழுவுங்க. கருப்பு கறை அன்னைக்கே போகாது, போக வைக்க பாக்காதீங்க, தோல் வளர வளர அதுவா போகும். ராத்திரி படுக்கும்போது பெட்ரோலியம் ஜெல்லி தாராளமா பூசி, பழைய காட்டன் சாக்ஸ கையில மாட்டிக்கங்க. சீழ், காய்ச்சல், கண் வீக்கம் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்த நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

*கேள்வி: துறைமுகத்துல இறால் உரிக்கிறேன், எனக்கும் கை வெடிப்பு. இதே வைத்தியம்தானா?*

கையுறையும் ராத்திரி ஜெல்லியும் அதேதான். ஆனா உங்க காரணம் வேற, நாள் முழுக்க ஐஸ் தண்ணி, உப்பு, இறால்ல இருக்கற புரதம், இது மூணும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தாலே தோல் ஊறி சாந்து கரைய ஆரம்பிக்கும். உள்ள மெல்லிசா காட்டன் கையுறை, மேல ரப்பர் கையுறை போடுங்க, ஏன்னா வெறும் ரப்பர்ல வேர்த்து வேர்த்து அதுவே புண்ணாக்கும். இறால தொட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பும் அரிப்பும் வருதுன்னா அது அலர்ஜி, கட்டாயம் காட்டணும்.

*கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மங்குக்கு மெடிக்கல்ல குடுத்த க்ரீம் ஒரு வருஷத்துக்கு மேல போடறேன். போட்டா முகம் வெள்ளையா நல்லா இருக்கு, ரெண்டு நாள் விட்டா சிவந்து எரியுது, பரு வருது, இப்ப கன்னத்துல மெல்லிசா ரத்தக்குழாய் தெரியுது. முகத்துல முடியும் வளருது. விடவும் முடியல.*

ட்யூப்ல எழுதியிருக்கறத ஒரு தடவ படிங்க. மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், ஃப்ளூசினோலோன், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. இது கெட்ட மருந்து இல்ல, சரியான நோய்க்கு சரியான நாள் கணக்குல நானே எழுதுவேன். ஆனா முகத்துல மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு, சாந்து தயாரிக்கற வேலையே குறைஞ்சு போகும், நீங்க சொன்ன அத்தனையும் அதோட அடையாளம். 2018-லயே தோல்ல பூசற 14 ஸ்டீராய்டுகள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச் பட்டியல்ல மத்திய அரசு சேத்தாச்சு, அப்படி இருந்தும் சிவப்பழகு க்ரீம் மாதிரி கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்து குடுக்கறாங்க, இத பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்க மாட்டேங்குது.

மத்தவங்களுக்கு எல்லாம் இன்னைக்கே நிறுத்துங்கன்னு சொன்னேன் இல்லையா, உங்களுக்கு மட்டும் அப்படி சொல்ல மாட்டேன். இவ்ளோ நாள் போட்டத ஒரே நாள்ல விட்டா முகம் பயங்கரமா சிவந்து வீங்கி எரியும், அதுல பயந்துபோய் திரும்ப அதே ட்யூபுக்கு போயிடுவீங்க, பெரும்பாலானவங்க மாட்டிக்கறது இந்த இடத்துலதான். தோல் டாக்டர்ட்ட போங்க, ஜிப்மர் தோல் பிரிவுக்கு போனாலும் சரி, வீரியத்த படிப்படியா குறைச்சு, நடுவுல எரிச்சலுக்கு வேற மருந்து குடுத்து வெளிய கொண்டு வருவாங்க. மாசக்கணக்கு ஆகும், ஆனா பெரும்பாலும் மீண்டு வரும். போகும்போது அந்த ட்யூப கையோட எடுத்துட்டு போங்க. இன்னொண்ணு, படர்தாமரைக்கும் இதே மாதிரி ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போடறவங்க இருக்கீங்க, அரிப்பு உடனே அடங்கும், உள்ள பூஞ்சை நல்லா பரவும்.

*கேள்வி: நெய்வேலி. மூணு மாச குழந்தை, கன்னத்துலயும் கை மடிப்புலயும் சொரசொரன்னு சிவந்திருக்கு. மாமியார் கடலை மாவும் நலங்கு மாவும் போட்டுதான் தேய்ச்சு குளிப்பாட்டணும்ங்கறாங்க. என் வீட்டுக்காரருக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு.*

வீட்ல வீசிங் இருந்துச்சுன்னு சொன்னது நல்லதா போச்சு, இது குழந்தைங்களுக்கு வர எக்ஸீமாவா இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு தடவ நேர்ல காட்டிடுங்க. இப்படிப்பட்ட குழந்தைங்க சிலருக்கு ஃபிலாக்ரின்ங்கற புரதம் பிறவியிலயே குறைவு, இத 2006-லதான் கண்டுபிடிச்சாங்க, அதனால நீங்க சாப்பிட்ட எதுவோ காரணம்னு யாராவது சொன்னா மனச போட்டு குழப்பிக்காதீங்க. மாவு எதுவும் வேணாம், எவ்வளவு சலிச்சாலும் அது உரசும், அதுவும் புண்ணான தோல்ல உணவுப்பொருள் படறது அந்த உணவுக்கே அலர்ஜிய கொண்டு வரலாம். வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிஷம், ஒத்தி எடுத்து உடனே வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர், தினம் ரெண்டு தடவ. மாமியார்ட்ட சண்டை வேணாம், எண்ணெய் தடவற வேலைய அவங்ககிட்ட குடுங்க, தேங்காய் எண்ணெய் நல்லது, மூக்க பிடிச்சு இழுக்காம, கை கால முறுக்காம, மெதுவா தடவ சொல்லுங்க. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேணாம், ரெண்டும் பேரியர கெடுக்கும், விலை அதிகம்ங்கறதால ஆலிவ் ஒசத்தின்னு நெனச்சுக்காதீங்க.

*கேள்வி: அப்ப பெரியவங்களும் முகத்துக்கு தேங்காய் எண்ணெயே போடலாமா?*

கை, கால், உடம்புக்கு தாராளமா. பரு வர முகத்துக்கு வேணாம்.

*கேள்வி: எலுமிச்சை சாறு தேய்ச்சுட்டு சில்வர் பீச்சுக்கு போனேன், தேய்ச்ச இடம் மட்டும் கருகி கொப்புளமாயிடுச்சு.*

எலுமிச்சையில இருக்கற ஒரு பொருள் வெயில் பட்டா தோல சுட்டுடும். கொப்புளத்த உடைக்காதீங்க, ஜெல்லி பூசி வெயில் படாம மூடி வைங்க, பெருசா இருந்தா காட்டுங்க. கருப்பு மறைய மாசக்கணக்கு ஆகும். எலுமிச்சைய இனிமே சாதத்துக்கு மட்டும் பிழிங்க.

*கேள்வி: அம்மாவுக்கு 72 வயசு. மார்கழி வந்தா ராத்திரி முழுக்க கால் அரிப்பு. கிருமின்னு நெனச்சு குளிக்கிற தண்ணில கிருமிநாசினி ஊத்தி, கொதிக்க கொதிக்க குளிக்கறாங்க.*

அந்த பாட்டில பாத்ரூம்ல இருந்து எடுத்துடுங்க, பாதி அரிப்பு அதுலயே குறையலாம். வயசானா தோல்ல கொழுப்பு சுரக்கறதே கம்மி, அதுல சுடுதண்ணி, கிருமிநாசினி, மேல சோப்பு. தோலோட இயல்பான பிஹெச், அதாவது அமில-கார அளவு, கிட்டத்தட்ட 5, நாம போடற சாதா சோப்பு 9, 10. சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும் போதும். குளிச்சு மூணு நிமிஷத்துக்குள்ள எண்ணெயோ க்ரீமோ பூசி விடுங்க, நீங்களே பூசி விடுங்க, அவங்களுக்கு குனிய முடியாது. ரெண்டு வாரம் இப்படி பண்ணியும் அரிப்பு நிக்கலன்னா சுகர், கிட்னி, தைராய்டு டெஸ்ட் எடுங்க. வீட்ல மத்தவங்களுக்கும் ராத்திரி அரிக்குதுன்னா அது சொறியா இருக்கலாம், எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போடணும்.

*கேள்வி: சுகர் இருக்கு, பித்தவெடிப்பு ஆழமா இருக்கு. பிளேடால சீவி எடுக்கறேன், தப்பா?*

தப்பு, ரொம்ப ஆபத்தும் கூட. சுகர்ல கால் மரத்துப்போயிருந்தா வெட்டுனதே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் வைங்க, தண்ணி சூட்ட கால வெச்சு பாக்காதீங்க, முழங்கையால பாருங்க, இல்ல வீட்ல இருக்கறவங்கள பாக்க சொல்லுங்க. துடைச்சுட்டு 10 சதவீதம் யூரியா இருக்கற க்ரீம் குதிகால்ல பூசுங்க, வெடிப்புல ரத்தம் கசிஞ்சா அது ஆறற வரைக்கும் வெறும் ஜெல்லி. விரல் இடுக்குல எதையும் பூசாதீங்க, அங்க ஈரம் நின்னா பூஞ்சை வரும். வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க, தினம் ராத்திரி உள்ளங்கால கண்ணாடில பாருங்க, சிவப்போ, சூடோ, நாத்தமோ இருந்தா விடிஞ்சதும் முதல் வேலையா ஆஸ்பத்திரிக்கு போங்க.