அட்டெண்டர் வேலையா?

அன்புள்ள சார்,

கிண்டியில் பிஎச்.டி. செய்கிறேன். கொசுப்புழுவின் வாய்த்தூரிகைகளை எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்க வேண்டும். நாளெல்லாம் ஆல்கஹாலில் ஊறப்போடுவதும் உலர்த்துவதுமாகவே போகிறது. புழுவைப் பதப்படுத்தும் ஆஸ்மியத்தின் வாடையில் தலை வலிக்கிறது. அட்டெண்டர் செய்யவேண்டிய வேலை இது, மூளை மழுங்குகிறது. பேசாமல் கணினி மாடலிங் பக்கம் போய்விடலாமா? படத்துக்கு வண்ணம் பூசலாமா?

ர.

அன்புள்ள ர.,

மாடலிங் போவது உங்கள் இஷ்டம். எலக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. வண்ணம் பூசினால் பூசியது என்று படத்தின் கீழே போடுங்கள், தீர்ந்தது.

நான் எழுத உட்கார்ந்தது அந்த 'அட்டெண்டர்' இளக்காரத்துக்காக. கையால் செய்வதெல்லாம் மட்டம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? புழுவைச் சும்மா காற்றில் காயவிட்டுப் பாருங்கள். நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை தோலைச் சுருட்டிவிடும். நீங்கள் படமெடுப்பது புழுவை அல்ல, வற்றலை. அதற்காகத்தான் எத்தனாலால் நீரை விரட்டி, எத்தனாலைத் திரவக் கார்பன் டை ஆக்சைடால் விரட்டி, 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோகிறோம். அங்கே திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே பரப்பே கிடையாது. இழுக்க ஆளில்லை. தாமஸ் ஆண்டர்சன் இந்த வித்தையைக் கொண்டுவந்தது 1951ல். ஸ்டீரியோஸ்கேன் என்ற முதல் எஸ்.இ.எம். கடைக்கு வந்தது 1965ல். உலர்த்துகிறவர் முந்திவிட்டார், தம்பி.

நான் பழகிய ஆய்வகம் ஒன்றில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். ஐப்பசி மழையில் எத்தனால் பாட்டிலைத் திறந்துவைத்துப் பேசினால் கத்துவார்: "மூடுங்க சார், மெட்ராஸ் ஈரத்த பூரா குடிச்சிரும்!" உண்மைதான். லேபிளில் நூறு சதவீதம் என்றிருக்கும், உள்ளே இருக்காது. மிஞ்சிய நீர் திரவக் கார்பன் டை ஆக்சைடோடு சரியாகக் கலக்காது, புழு சுருங்கும். மழைநாளில் புது பாட்டில் உடைத்து, ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் போட்டுவைப்பார். ஸ்டப் என்ற சின்ன உலோகத் தாங்கியில் கார்பன் டேப்பை ஒட்டி, டூத்பிக் முனையால் புழுவைத் திருப்பி வைப்பதற்குள் மூச்சையே அடக்கிக்கொள்வார். தங்கம் பூசி வெளியே எடுத்ததும் ஒரு பார்வை, "இது தேறாது, மைக்ராஸ்கோப் டைம வீணாக்காதீங்க." தேறாது. அவர் தயாரித்த படங்கள் ஆய்விதழ் அட்டையில் வந்தன. நன்றியுரையில்கூட அவர் பெயர் கிடையாது. பட்டன் தட்டியவர்கள் டாக்டர் ஆனார்கள்.

மூளை எங்கே மழுங்குகிறது? அந்த பாட்டில் மூடியில்தான் உங்கள் தீசிஸே இருக்கிறது.

ஆஸ்மியம் விஷயம் விளையாட்டல்ல. வாடை தெரிகிறது என்றால் ஆவி உங்கள் முகத்துக்கு வந்துவிட்டது, கருவிழியைக் கெடுத்துவிடும். ஆவியை வெளியேற்றும் ஹூட் ஒழுங்காக இழுக்கிறதா என்று நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த ஆஸ்மியம் குப்பியைத் தொடாதீர்கள்.