16 வயதில் ஒப்பந்தம்: காமாவிங்காவை வைத்து மகனை அளக்கலாமா?

கேள்வி: பாரிஸை ஒட்டிய லா கூர்நேவில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. உள்ளூர்க் கால்பந்துக் கிளப்பில் நடுக்களத்தில் ஆடுகிறான். அணியிலேயே அவன்தான் குள்ளம். பெரிய கிளப் ஒன்றின் ட்ரையலில் (தேர்வு ஆட்டத்தில்) எடுபடவில்லை. "பிரான்ஸ் நடுக்கள வீரர் காமாவிங்கா 16 வயதிலேயே தொழில்முறை ஒப்பந்தம் போட்டுவிட்டார், இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது" என்று பயமுறுத்துகிறார்கள். 2,000 யூரோ கொடுத்தால் வேறு ட்ரையல் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பிரான்ஸின் விளையாட்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத வீரருக்கு ஒப்பந்தம் முடித்துக் கொடுத்ததற்காக ஏஜென்ட் எந்தப் பணமும் பலனும் பெற முடியாது. உரிமம் பெற்ற ஏஜென்ட்டுக்கே இந்த விதி என்றால், உரிமம் இருக்கிறதா என்றே தெரியாத ஒருவர் கேட்கும் 2,000 யூரோவை என்னவென்று சொல்வது? பாரிஸ் வட்டாரம் ஐரோப்பாவிலேயே ஸ்கவுட்டுகள் (கிளப்புகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) அதிகம் சுற்றும் இடங்களில் ஒன்று. வாரக்கடைசி ஆட்டங்களுக்கு அவர்களே வந்து நிற்பார்கள். உண்மையான அழைப்பு கிளப்பிலிருந்து கிளப்புக்கு, எழுத்தில் வரும், காசு கேட்காது.

இனி காமாவிங்கா. அந்த 16 வயதுக் கதையில் பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எடுவார்டோ காமாவிங்கா 2002 நவம்பர் 10 அன்று அங்கோலாவில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர். பெற்றோர் காங்கோ நாட்டவர். சிறு குழந்தையாக பிரான்ஸுக்கு வந்து, பிரிட்டானியில் ஃபூஜெர் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பந்தைத் தொட்டதும் அந்த ஊர்க் கிளப்பில்தான். 2013இல், 11 வயதை ஒட்டி, சுமார் 50 கி.மீ. தள்ளியிருக்கும் ரென் கிளப்பின் அகாடமிக்குப் போனார். அதன் பிறகு 2021 வரை வேறு கிளப் மாறவேயில்லை.

2018 டிசம்பர் 14 அன்று தொழில்முறை ஒப்பந்தம். அதற்குச் சில நாள் முன்புதான் ரிசர்வ் அணிப் பயிற்சியாளர் ஜூலியன் ஸ்டெஃபான் முதல் அணியின் பொறுப்புக்கு வந்திருந்தார். பையனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தால் இதே வேகத்தில் நடந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. திறமையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் போட்டதும் களத்தில் இறக்கிவிடவும் இல்லை. 2019 ஏப்ரல் 6 அன்று ஆன்ஜே அணிக்கு எதிராக 89ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக வந்தார். அந்த சீசனில் லீக் ஆட்டங்கள் ஏழே ஏழு. அடுத்த சீசனில் 25, அதற்கடுத்ததில் 35. ஆகஸ்ட் 2019இல் பாரிஸின் பெரிய கிளப்பான பி.எஸ்.ஜி.யை ரென் 2-1 என்று வென்ற ஆட்டத்தில் வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். பெயர் பரவியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் பாதை நேராக இல்லை. 2020 செப்டம்பர் 8 அன்று, 17 வயதில், குரோவேஷியாவுக்கு எதிராக பிரான்ஸ் சீனியர் அணிக்கு ஆடினார். ஒரு மாதத்தில் உக்ரைனுக்கு எதிராக கோலும் அடித்தார். மொத்தம் மூன்று ஆட்டம். பிறகு ஃபார்ம் இறங்கியது, யூரோ கோப்பைக்கான (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) அணியில் இடமில்லை, 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் திரும்பினார். சீனியர் சட்டையை மறுபடி போட 2022 செப்டம்பர் ஆனது. அதற்குள், 2021இல் சேர்ந்த ரியல் மாட்ரிட்டில், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கே வென்றிருந்தார்.

அந்த குரோவேஷியா ஆட்டத்தில் அவருக்கு வழிவிட்டு வெளியே போனவர் நடுக்கள வீரர் எங்கோலோ காண்டே. உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது இவர் கதையைத்தான். உயரம் 1.68 மீ. பாரிஸ் புறநகரான சுரேனில் 19 வயது வரை அமெச்சூர் கிளப். சிறிய உருவம் என்று அகாடமிகள் எடுக்கவில்லை. 2010இல் பூலோன் கிளப், 2013இல் கான் கிளப், பிரான்ஸின் முதல்நிலைப் போட்டியான லீக் 1இல் முதல் ஆட்டம் 23 வயதில். 2016இல் லெஸ்டருடன் இங்கிலாந்து லீக் பட்டம், 2018இல் உலகக் கோப்பை.

13 வயதில் உயரம் எதையும் தீர்மானிக்காது. பிரான்ஸில் வயதுப் பிரிவு ஜனவரி 1 முதல் கணக்கு. ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் ஒரே அணியில் நிற்பார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. ட்ரையலில் பெரும்பாலும் தேறுவது முதலாமவன். காமாவிங்காவும் நவம்பர்ப் பிறப்புதான், ஆனால் அவர் விதிவிலக்கு. உங்கள் மகன் ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவன் என்றால் ட்ரையல் முடிவைப் பாதி நம்பினால் போதும்.

மாதம் ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். மாதத்துக்கு 0.6 செ.மீ.க்கு மேல் ஏறத் தொடங்கினால் வளர்ச்சி வேகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முழங்கால் சில்லுக்குக் கீழே, குதிகாலில் வலி வருவது அப்போதுதான்: எலும்பு முந்திக்கொள்கிறது, தசைநார் இழுபடுகிறது. குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். கோச்சிடம் சொல்லாமல் வலியை மறைத்து ஆடுவதுதான் பையன்கள் செய்யும் தவறு.

நடுக்கள வீரனுக்கு உயரத்தை ஈடுகட்டுவது பார்வை. நீங்களே செய்து பார்க்கலாம். சுவரிலிருந்து 8 மீட்டரில் அவனை நிறுத்துங்கள். நீங்கள் அவன் பின்னால் நில்லுங்கள். அவன் பந்தைச் சுவரில் அடித்ததும், அது திரும்பி வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, நீங்கள் காட்டும் விரல்கள் எத்தனை என்று சொல்ல வேண்டும். பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, பந்துக்குத் தள்ளியிருக்கும் பின் காலால் வாங்கித் திரும்ப வேண்டும். ஒரு காலுக்கு 20 பந்து. பந்து வந்து சேர்ந்தபின் தலையைத் தூக்கினால் அந்தப் பந்து கணக்கில் சேராது. எண் சரியாக வந்தும் தொடுகை நழுவுகிறதென்றால், தூரத்தைக் குறைக்காமல் பந்தின் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். அகாடமி ஒன்று விரும்பினால், மற்ற பிரெஞ்சு தொழில்முறைக் கிளப்புகள் பையனை அணுகாதிருக்க ஓர் உடன்படிக்கை நீட்டும். அதில் எந்தத் தேதிக்குள் கிளப் அவனுக்குப் பயிற்சி ஒப்பந்தம் தர வேண்டும் என்று இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் தொழில்முறை ஒப்பந்தம் 18 வயதுக்குள் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போக ஃபிஃபா விதி விடாது. குடியுரிமையையும் பாருங்கள். கிளப்பில் ஆட அது தேவையில்லை, தேசிய அணிக்குத் தேவை; காமாவிங்காவுக்கே அது 2019 நவம்பரில்தான் கிடைத்தது. மகன் பிரான்ஸில் பிறந்து, 8 வயதிலிருந்து இங்கேயே வசிப்பவன் என்றால், 13 வயதிலிருந்து அவன் சம்மதத்துடன் பெற்றோரே குடியுரிமை அறிவிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிச் சான்றிதழ்களை வருடவாரியாகச் சேர்த்து வையுங்கள். தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அவைதான் ஆதாரம்.