குடியுரிமை நேர்காணல் முடிந்தது, முடிவு மட்டும் வரவில்லை: கேள்வி பதில்

அமெரிக்கக் குடியுரிமைக்கு என்-400 என்ற விண்ணப்பப் படிவம் போட்டு, நேர்காணலும் முடித்துக் காத்திருப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: அண்ணா, ஆங்கிலம், குடிமையியல் இரண்டிலும் பாஸ். ஆனால் அதிகாரி இப்போது முடிவு சொல்ல முடியாது என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ரிஜெக்ட் ஆகிவிடுமோ?

பதில்: பயப்படாதீங்க. அந்தத் தாள் என்-652, நேர்காணலின் முடிவைக் குறித்துக் கொடுக்கும் படிவம். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அதில் குறித்திருந்தால் அது நிராகரிப்பு இல்லை. கோப்பை மேலதிகாரி பார்க்க வேண்டியிருக்கலாம், பின்னணிச் சோதனை பாக்கி இருக்கலாம். கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள், அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

பதில்: சட்டம் 120 நாள் என்கிறது, நேர்காணல் நாளிலிருந்து கணக்கு. அதற்குள் முடிவு வராவிட்டால் உங்கள் பகுதி ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் தானே முடிவு செய்யலாம், இல்லை அறிவுறுத்தலோடு குடிவரவுத் துறைக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் 121-ஆம் நாள் காலையிலேயே வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். முதலில் ஆன்லைனில் விசாரியுங்கள், அப்புறம் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் உதவி கேளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அதுவும் பலிக்கவில்லை என்றால் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். பழைய கைது, வரிப் பாக்கி மாதிரி ஏதாவது இருந்தால் வக்கீலிடம்தான் முதலில் போக வேண்டும்.

கேள்வி: காத்திருக்கும்போது ஊருக்குப் போய் வரலாமா?

பதில்: போகலாம். கிரீன் கார்டும் உங்கள் நாட்டு பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக இருக்கட்டும். கடைசிக் கட்டமாகக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கக் கூப்பிடும் அழைப்புக் கடிதத்தின் கேள்விகளில், நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, போலீஸ் பிடித்ததா, டிராஃபிக் டிக்கெட் வாங்கினீர்களா என்றெல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் உண்மையையே எழுதுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரியைத் தெரிவித்துவிடுங்கள், அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விட்டால் தேவையில்லாத அலைச்சல்.

கேள்வி: ஒப்புதல் கிடைத்துவிட்டது, உறுதிமொழி மட்டும்தான் பாக்கி. ஓட்டுப் போடப் பதிவு செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! உறுதிமொழி எடுக்கும் நிமிடம் வரை நீங்கள் குடிமகன் இல்லை. அதற்கு முன்பே குடிமகன் என்று சொல்லிப் பதிவு செய்தால், கைக்கு வந்த குடியுரிமை மட்டுமல்ல, கிரீன் கார்டே போகலாம். லைசென்ஸ் அலுவலகத்தில் நீட்டும் படிவத்திலும் ஓட்டுப் பதிவுக்கான கட்டம் இருக்கும், படிக்காமல் டிக் அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: அம்மா ஆங்கிலத் தேர்வில் தேறவில்லை.

பதில்: 60 முதல் 90 நாளுக்குள் மறுபடி கூப்பிடுவார்கள், தேறாத பகுதி மட்டும்தான். இப்போதிருந்தே தினமும் கொஞ்சம் வாசிக்க வையுங்கள்.