சாக்ரடீஸ் ஏன் சிறையிலிருந்து தப்பிக்கவில்லை?

நண்பர்கள் எல்லா ஏற்பாடும் செய்திருந்தும் சாக்ரடீஸ் ஏன் தப்பிச் செல்ல மறுத்தார், அநியாயமான தீர்ப்புக்குக் கட்டுப்படுவது எப்படி நீதியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 'அவர் சட்டத்தை மதித்தவர்' என்று ஒரே வரியில் பதில் சொல்வது வழக்கம். பள்ளி ஆண்டு விழா மேடையில் வெள்ளைத் தாடியும் நஞ்சுக் கோப்பையுமாக வரும் சாக்ரடீஸுக்கு அந்தப் பதில் போதும். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய உரையாடல்களில் வருபவருக்குப் போதாது. அந்த மனிதர் ஆட்சியின் உத்தரவை ஒருமுறை அப்பட்டமாக மீறியிருக்கிறார்.

கி.மு. 404-இல் ஏதென்ஸில் ஜனநாயகம் கவிழ்ந்து 'முப்பதின்மர்' எனப்பட்ட முப்பது பேர் கொண்ட குழுவின் கொடுங்கோல் ஆட்சி நடந்தது. சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரும்படி ஐந்து பேருக்கு ஆணை பிறந்தது. அந்த ஐவரில் சாக்ரடீஸும் ஒருவர். மற்ற நால்வரும் சலாமிஸுக்குப் போனார்கள். இவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆட்சி விரைவில் கவிழ்ந்திராவிட்டால் அதற்காகவே தன் உயிர் போயிருக்கும் என்று பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு, கி.மு. 406-இல், ஜனநாயக ஆட்சியிலேயே இப்படி ஒன்று நடந்தது. அர்கினுசே கடற்போரில் வென்ற தளபதிகள், புயலில் சிக்கிய தம் வீரர்களைக் காப்பாற்றத் தவறினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்று கூட்டம் கொந்தளித்தது. அது சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றார் சாக்ரடீஸ்.

கி.மு. 399-இல், 70 வயதில், அவர் மீதே வழக்கு வந்தது. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவந்தார், இளைஞர்களைக் கெடுத்தார் என்பவை குற்றச்சாட்டுகள். வழக்குத் தொடுத்தவர் மெலீட்டஸ். உடன் நின்றவர்கள் அனீட்டஸ், லைக்கான். தத்துவம் பேசுவதை நிறுத்தினால் விடுதலை என்று நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன், உங்களைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்று நடுவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். இப்படிப் பேசியவர், ஒரு மாதம்கூட ஆகாமல், தீர்ப்பை மீறக் கூடாது என்று சிறையில் வாதிட்டால் அது முரண் அல்லவா? உங்கள் கேள்வியின் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

குற்றவாளி என்று தீர்ப்பாகி மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அது உடனே நிறைவேறவில்லை. ஏதென்ஸ் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்கு ஒரு புனிதக் கப்பலை அனுப்பும். அது திரும்பும் வரை மரண தண்டனை கூடாது. காற்று சாதகமாக இல்லாவிட்டால் பயணம் நீளும். அந்த இடைவெளியில்தான் பால்ய நண்பர் கிரீட்டோ வருகிறார். பொழுது விடியவில்லை. காவலாளியைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், சாக்ரடீஸ் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விழித்ததும் கொட்டித் தீர்க்கிறார்: தீப்ஸிலிருந்து சிம்மியாஸ் பணத்தோடு வந்திருக்கிறான், தெசலியில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், நீ போகாவிட்டால் காசுக்குக் கணக்குப் பார்த்து நண்பனைச் சாகவிட்டேன் என்று ஊர் என்னைத்தான் பேசும், உன் பிள்ளைகள் அநாதைகளாகிவிடுவார்கள். தத்துவ நூலில் இப்படி ஒரு பதைபதைப்பைப் பார்ப்பது அபூர்வம்.

சாக்ரடீஸ் ஊர்ப்பேச்சை முதலில் ஒதுக்குகிறார். உடற்பயிற்சி செய்பவன் மருத்துவர் சொல்லைக் கேட்பானா, தெருவில் போகிறவர்கள் சொல்லையா? நீதி அநீதி விஷயத்திலும் தெரிந்தவன் சொல்லுக்குத்தான் மதிப்பு என்கிறார். அறிவையும் அறத்தையும் அவர் எப்போதும் இப்படித்தான் ஒன்றாகக் கட்டுவார். அடுத்து வருவதுதான் முழு வாதத்துக்கும் அச்சாணி: ஒருவன் எந்த நிலையிலும் அநீதி செய்யக் கூடாது, தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பதிலாகக்கூடச் செய்யக் கூடாது. இதை ஏற்பவர்கள் மிகச் சிலரே, ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் பொதுவாகக் கலந்து பேச எதுவுமில்லை என்று கிரீட்டோவை எச்சரிக்கவும் செய்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. லியோனைப் பிடித்து வா என்ற ஆணை, அநீதியைச் செய்யச் சொன்னது. மறுத்தார். தத்துவத்தை விடு என்பதும், தெய்வம் தனக்கிட்ட பணியாக அவர் நம்பியதைக் கைவிடச் சொல்வது. அதையும் மறுப்பேன் என்றார். மரண தண்டனையோ அவரை எதையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு அநீதியை அவர் மீது சுமத்துகிறது, அவ்வளவுதான். அநீதி செய்வதற்கும் அநீதிக்கு ஆளாவதற்கும் இடையில் அவர் கோடு போட்டார். ஆளாவது துன்பம், செய்வது ஆன்மாவையே கெடுக்கும். அவருடைய வாழ்க்கையின் எல்லா முடிவுகளும் இந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில்தான் விழுகின்றன என்பது என் வாசிப்பு.

சரி, தப்பிப்பது யாருக்கு அநீதி? இங்கேதான் ஏதென்ஸின் சட்டங்களே நேரில் வந்து பேசுவதாக ஒரு காட்சியை அமைக்கிறார். நாங்கள் உன்னைப் பெற்று வளர்த்த தாய் தந்தை போன்றவர்கள் என்று அவை தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை. பெற்றோர் சொன்னாலும் தவறு தவறுதான். ஆனால் அதற்கடுத்து அவை சொல்வது கூர்மையானது. பிடிக்காவிட்டால் உடைமைகளோடு எந்த ஊருக்கும் போகலாம் என்று நாங்கள் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தோம்; 70 ஆண்டுகளில் நீ போர்ப் பணிக்கும் ஒரே ஒரு விழாவுக்கும் தவிர ஊரைவிட்டு நகரவே இல்லை. அப்படித் தங்கியதே எங்களுக்குக் கட்டுப்படுவதாக நீ தந்த வாக்குறுதி. விசாரணையின்போது நாடு கடத்தலைத் தண்டனையாக நீயே கேட்டிருக்கலாம். அன்று மரணமே மேல் என்று வீரம் பேசிவிட்டு இன்று அடிமையைப் போல மாறுவேடத்தில் ஓடப் போகிறாயா?

இது உண்மையும்கூட. ஏதென்ஸ் வழக்கப்படி குற்றம் உறுதியான பிறகு இரு தரப்பும் ஆளுக்கொரு தண்டனையை முன்மொழிய வேண்டும். மெலீட்டஸ் மரணம் என்றார். சாக்ரடீஸ், தனக்கு நகரத்தின் செலவில் வாழ்நாள் விருந்து தர வேண்டும் என்றார்! பிறகு ஒரு மினா (அக்கால கிரேக்கப் பண அளவு) அபராதம், நண்பர்கள் வற்புறுத்தியதும் 30 மினா. வெறும் 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலையே ஆகியிருப்பார் என்பது அவர் வாயாலேயே வந்த கணக்கு. நாடு கடத்தலைக் கேட்டிருந்தால் நடுவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. ஊரின் சம்மதத்தோடு பெற்றிருக்கக்கூடியதை வேண்டாம் என்றவர், அதையே பிறகு லஞ்சம் கொடுத்துத் திருட்டுத்தனமாகப் பெறுவது எப்படி? தவிர, ஓடினால் மெலீட்டஸின் குற்றச்சாட்டுக்குத் தானே சாட்சி சொன்னதாகிவிடும். சட்டத்தைக் கெடுப்பவன் இளைஞர்களைக் கெடுத்திருக்க மாட்டானா என்று ஊர் கேட்கும்.

மரண பயம் அவரிடம் வேலை செய்யவில்லை என்பதும் உண்மைதான். மரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அது மிகப் பெரிய நன்மையாகக்கூட இருக்கலாம். அதைப் பெருந்தீமை என்று அஞ்சுவது, தெரியாததைத் தெரிந்ததாக எண்ணும் அறியாமை என்று விசாரணையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். அஞ்சாதவன் ஓடாமல் இருக்கலாம். ஓடுவது தவறு என்பது அதிலிருந்து வராது.

அவர் வாதத்தில் மிகப் பலவீனமான இடம் பிள்ளைகள். மூன்று மகன்கள், அதில் இருவர் சிறுவர்கள். நீ தெசலிக்குப் போனால் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள், மறுவுலகம் போனால் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று சட்டங்களின் வாயால் கேட்டு அவர் முடித்துக்கொள்கிறார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மனைவி சாந்திப்பியிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று பிளேட்டோ எழுதவில்லை. கடைசி நாளில் கைக்குழந்தையோடு வந்து அழுத அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆன்மாவைப் பற்றிய உரையாடல் தொடங்குகிறது.

அப்படியானால் அரிஸ்டாட்டில் ஓடியது தவறா என்று அடுத்து கேட்பீர்கள். அலெக்சாண்டர் இறந்ததும், கி.மு. 323-இல், அவர் மீதும் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு எழுந்தது. ஏதென்ஸ் தத்துவத்துக்கு எதிராக இரண்டாவது முறை பாவம் செய்ய விடமாட்டேன் என்று சொல்லி கால்கிஸ் என்ற வேறொரு நகரத்துக்குப் போனதாகக் கதை உண்டு. அடுத்த ஆண்டே அங்கு நோயில் இறந்தார். சாக்ரடீஸின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் அவர் மீது குற்றமில்லை. அவர் ஸ்டகிராவில் பிறந்தவர், ஏதென்ஸின் குடிமகன் அல்ல. தீர்ப்பு எதுவும் வந்திருக்கவில்லை, எந்த வாக்குறுதியையும் அவர் முறிக்கவில்லை. பிடிக்காதவன் போகலாம் என்று சட்டங்கள் சொன்ன அதே வாசல் வழியாகத்தான் வெளியேறினார்.