வாசகர் கேள்வி–பதில்: லூயிஸ், கிளார்க் நாட்குறிப்புகளும் வரைபடமும்

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கடந்து பசிபிக் கடல் வரை சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரின் நாட்குறிப்புகள் அன்றன்றே எழுதப்பட்டவையா, ஊர் திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதப்பட்டவையா? ஆற்றிலும் மழையிலும் காகிதம் எப்படித் தப்பியது?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: பெரும்பகுதி வழியிலேயே எழுதப்பட்டது. ஆனால் நூலகங்களில் இன்று இருக்கும் சீரான குறிப்பேடுகள் அனைத்தும் அன்றன்றைக்கே எழுதப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. 1953-இல் செயின்ட் பால் நகரத்து வீடு ஒன்றின் பரணில், கிளார்க் கைப்பட எழுதிய 67 உதிரித் தாள்கள் கிடைத்தன. 1803 டிசம்பர் முதல் 1805 ஏப்ரல் வரையிலான அந்தக் கிறுக்கல்களைப் பார்த்த பிறகுதான், கையில் கிடைத்த தாளில் முதலில் குறித்துக்கொண்டு, பின்னர் ஓய்வு கிடைத்தபோது குறிப்பேட்டில் திருத்தி எழுதினார்கள் என்பது தெளிவாயிற்று. அதே கிளார்க், 1805 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மலையிலும் கொலம்பியா ஆற்றிலும் எழுதிய தாள்களை எல்க் மான் தோலில் பொதிந்து தைத்து வைத்திருக்கிறார். லூயிஸின் குறிப்புகளிலோ பல மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. அவர் எழுதவே இல்லையா, எழுதியது தொலைந்ததா என்ற வாதம் ஓயவில்லை.

ஈரத்தைப் பற்றிய கவலை ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு முன்பே இருந்தது. 1803 ஜூன் 20 தேதியிட்ட அறிவுரைக் கடிதத்தில், குறிப்புகளுக்குப் பிரதிகள் எடுத்து நம்பிக்கையானவர்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும், ஒரு பிரதியைப் பூர்ஜ மரப்பட்டையில் எழுதினால் காகிதத்தைப்போல எளிதில் கெடாது என்றும் அவர் சொல்லியிருந்தார். (நம் வடநாட்டுச் சுவடிகளின் பூர்ஜபத்திரமும் அதே இனத்து மரத்தின் பட்டைதான்.) நமக்குக் கிடைத்திருப்பவை என்னவோ காகிதக் குறிப்பேடுகளே. 1805 மே 14 அன்று அவையும் போயிருக்கும். தாள்களும் கருவிகளும் ஏற்றிய பாய்மர ஓடம் திடீர்க் காற்றில் சாய்ந்து நீர் நிரம்பியபோது, தலைவர்கள் இருவரும் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுக்கான் பிடித்திருந்த மொழிபெயர்ப்பாளர் செய்வதறியாது கலங்கினார். கைக்குழந்தையோடு வந்திருந்த அவருடைய மனைவி சகாகவியாதான், மிதந்து போன பொருள்களைப் பதறாமல் ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்தார்.

அன்றன்று எழுதியதற்குப் பிழைகளும் சாட்சி. 1805 நவம்பர் 7 அன்று கடல் தெரிகிறது என்று கிளார்க் ஆனந்தமாகக் குறித்திருக்கிறார். அவர் கண்டது கொலம்பியாவின் அகன்ற கழிமுகத்தை. கடல் இன்னும் சுமார் 20 மைல் தொலைவில் இருந்தது. நினைவிலிருந்து எழுதியிருந்தால் இந்த வரி தப்பியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: 1806-இல் திரும்பியவர்களின் குறிப்புகள் ஏன் 1814 வரை நூலாகவில்லை?
(வாசகி, தென்காசி)

பதில்: முந்திக்கொண்டவர் குழுவின் தச்சரான சார்ஜென்ட் கேஸ், அவருடைய நாட்குறிப்பு 1807-இலேயே அச்சாகிவிட்டது. தலைவர்களின் பதிப்பைத் தயாரிக்க வேண்டிய லூயிஸ் அதில் கைவைக்காமலே 1809-இல் இறந்துபோக, கிளார்க் தந்த ஏடுகளைக் கொண்டு நிக்கலஸ் பிடில் கதைப்போக்கில் தொகுத்த இரண்டு தொகுதிகள் 1814-இல் வெளிவந்தன. லூயிஸ் பார்த்துப் பார்த்து எழுதிய விலங்கு, தாவரக் குறிப்புகளில் பெரும்பாலானவை அதில் இடம்பெறவில்லை. அவற்றைத் தனி நூலாக்க ஒப்புக்கொண்ட பார்ட்டன் என்ற அறிஞரும் அதைச் செய்யாமலே 1815-இல் காலமானார். மூல ஏடுகளை முழுமையாக வாசிக்க மக்கள் 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் கிளார்க் அவ்வளவு பெரிய நிலத்தை எப்படி வரைந்தார்?
(வாசகர், மதுரை)

பதில்: திசைகாட்டியும் கண்மதிப்பும்தான் முதல். ஆறு திரும்புமிடந்தோறும், இன்ன பாகையில், இன்ன முனை வரை, இத்தனை மைல் என்று நாள்தோறும் அட்டவணை போட்டார். விண்மீன்களைக் கொண்டு தீர்க்கரேகையைக் கணிக்க, பிலடெல்பியாவில் 250 டாலருக்கு வாங்கிய குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் இருந்தது. முந்தைய நண்பகலில் சாவி கொடுத்தும் அது நின்றுபோயிருந்ததை 1804 ஜூலை 15 அன்று லூயிஸ் காரணம் புரியாமல் குறித்திருக்கிறார். மிசௌரி முகத்துவாரத்திலிருந்து பசிபிக் வரை 4,162 மைல் என்பது கிளார்க்கின் கணக்கு.

ஆனால் அந்த ஆறுகளுக்கு அப்பால் உள்ளதைக் கிளார்க் பார்க்கவில்லை. அங்கெல்லாம் வாழ்ந்தவர்கள் சொன்னார்கள், இந்தப் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. 1805 ஜனவரியில் மாண்டன் என்ற பூர்வகுடியினரின் தலைவர் ஷெஹேகே, குளிர்கால முகாமில் உணவருந்தியபின் மேற்கே மலை வரையிலான நாட்டை வரைந்து கொடுத்தார். ஆகஸ்டில் ஷோஷோனித் தலைவர் காமியாவெய்ட் லூயிஸுக்காகத் தரையில் ஆற்றைக் கோடாக இழுத்து, இருபுறமும் மணலைக் குவித்து, பனி மூடிய இந்த மலைகளுக்கிடையே ஓடும் ஆற்றில் படகு போகாது என்று விளக்கினார். கிளார்க் நேரில் போய்ப் பார்த்து அது மெய்யே என்று கண்ட பிறகுதான், வழிகாட்டி ஒருவருடன் வேறு மலைப்பாதையில் போனார்கள். அடுத்த மாதம் நெஸ் பெர்ஸ் தலைவர் ஒருவர் கீழே உள்ள ஆறுகளை வெள்ளை எல்க் தோலில் வரைந்து தந்தார்.

திரும்பி வந்த பிறகும் கிளார்க் படத்தை மூடி வைக்கவில்லை. செயின்ட் லூயிஸில் இருந்தபடியே, மேற்கிலிருந்து வந்த வேட்டையாடிகள் சொன்னதையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டிருந்தார். 1814-இல் அச்சான படத்தில், குழுவில் இருந்த ஜான் கோல்ட்டர் 1807-இல் தனியே சுற்றிய வழி புள்ளிக்கோடாக ஓடுகிறது; அந்தப் பயணத்தைப் பற்றி அவரே எழுதிய குறிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை.