பிளாஸ்மா நைட்ரைடிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டி2 என்ற கருவி எஃகில் செய்த பஞ்ச் (தகட்டில் துளையிடும் கருவி), நைட்ரைடிங் செய்த பிறகு முன்னைவிட விரைவாக மழுங்கிவிட்டது. காரணம் என்ன?

பதில்: நைட்ரைடிங் என்பது சூட்டில் எஃகின் மேற்பரப்புக்குள் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்கும் முறை; பிளாஸ்மா முறையில் மின்சாரத்தால் ஒளிரும் வாயு அதைச் செய்கிறது. அதைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் பஞ்ச் எந்த வெப்பநிலையில் டெம்பரிங் (கடினமாக்கிய எஃகை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துதல்) செய்யப்பட்டது என்று பாருங்கள். டி2 எஃகை 200 டிகிரி செல்சியஸ் அளவில் டெம்பரிங் செய்து உயர்ந்த கடினத்தன்மையைத் தக்கவைப்பது வழக்கம். அத்தகைய கருவியைச் சுமார் 500 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால், அந்தச் சூடே இன்னொரு டெம்பரிங்காக வேலை செய்து உட்பகுதியை இளக்கிவிடும். மேலே 1000 விக்கர்ஸுக்கும் (கடினத்தன்மையின் ஓர் அளவு) மேற்பட்ட கடினமான ஓடு இருந்தும், அதைத் தாங்கும் எஃகு அமுங்கினால் ஓடு விரிசல் கண்டு உதிரும். ஆகவே, நைட்ரைடிங் செய்யவிருக்கும் டி2 கருவியைத் தொடக்கத்திலேயே 500 டிகிரிக்கு மேல் டெம்பரிங் செய்துகொண்டு, நைட்ரைடிங்கை அதைவிட 20 முதல் 30 டிகிரி குறைவாக நடத்துவதே முறை. கருவியை அனுப்பும்போது இந்த ஒரு விவரத்தை எழுதிக் கொடுத்தாலே பாதிப் புகார்கள் எழமாட்டா என்பது என் எண்ணம்.

கேள்வி: ராக்வெல் சி கடினத்தன்மை அளவீடு முன்பு காட்டிய எண்ணையே காட்டுகிறது. நைட்ரைடிங் நடக்கவே இல்லையா?

பதில்: நடந்திருக்கலாம்; அளக்கும் முறைதான் பொருந்தவில்லை. ராக்வெல் சி சோதனையில் வைரக் கூம்பை 150 கிலோ சுமை அழுத்துகிறது. 50 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) என்ற எண்ணே அந்தக் கூம்பு 0.1 மி.மீ. ஆழம் இறங்கியதைத்தான் குறிக்கிறது. நைட்ரைடு அடுக்கு பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் என்பதால், நீங்கள் அளந்தது பெரிதும் அடியில் உள்ள எஃகையே. மேற்பரப்பைச் சிறுசுமை விக்கர்ஸ் முறையில் அளவிடுங்கள். ஆழம் தெரியவேண்டுமானால், கருவியுடன் வைத்த மாதிரித் துண்டை வெட்டி மெருகேற்றி, ஓரத்திலிருந்து உள்நோக்கி அளந்துகொண்டே போய், உட்பகுதியைவிட 50 விக்கர்ஸ் கூடுதலாக உள்ள இடத்தை எல்லையாகக் கொள்ளலாம். மாதிரித் துண்டும் அதே எஃகாக, அதே டெம்பரிங் பெற்றதாக இருக்கவேண்டும். கையில் கிடைத்த துண்டு உதவாது.

கேள்வி: அலுமினிய வார்ப்புக்கான எச்13 எஃகு அச்சில் வெள்ளை அடுக்கு தேவையா?

பதில்: தவிர்ப்பது நல்லது. மாறி மாறிச் சூடாகிக் குளிரும் அச்சில், நொறுங்கும் இயல்புடைய அந்த இரும்பு நைட்ரைடு அடுக்கிலிருந்தே வெப்ப விரிசல்கள் எளிதில் தொடங்கும். வாயுக் கலவையில் நைட்ரஜனைக் குறைத்து ஹைட்ரஜனைக் கூட்டினால் பரவல் அடுக்கை (நைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவிய பகுதியை) மட்டும் வளர்க்கமுடியும். பிளாஸ்மா முறையின் சிறப்பே இந்தக் கட்டுப்பாடுதான்.

கேள்வி: குறுகிய துளையின் ஓரம் மட்டும் கருகியதுபோல் ஆகிவிட்டது. ஏன்?

பதில்: கருவியே எதிர்மின்வாயாக இருப்பதால் அதன் பரப்பெங்கும் பிளாஸ்மாவின் ஒளிர்வு படர்கிறது. துளையின் எதிரெதிர்ச் சுவர்களின் ஒளிர்வுகள் ஒன்றோடொன்று கலந்தால் எலக்ட்ரான்கள் அங்கேயே சிக்கி, அந்த இடம் மட்டும் மிகையாகச் சூடேறும். தேவையற்ற துளைகளை எஃகு முளையால் அடைத்துவிடுங்கள். இல்லையேல் வாயு அழுத்தத்தைக் கூட்டி ஒளிர்வின் தடிமனைக் குறைக்கவேண்டும்.

கேள்வி: நேரத்தை இரட்டித்தால் ஆழமும் இரட்டிக்குமா?

பதில்: இரட்டிக்காது. ஆழம் ஏறத்தாழ நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளரும் என்பதால், இரு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும்.