வளவில் திருப்பூட்டு, மாதா கோயிலில் மோதிரம்: சட்டப்படி எது திருமணம்?

கேள்வி: நாங்கள் காரைக்குடி நகரத்தார். மகளுக்குத் தேவகோட்டை கத்தோலிக்கப் பையனைப் பேசி முடித்திருக்கிறோம். இருவருக்கும் பெங்களூரில் வேலை; யாரும் மதம் மாறப் போவதில்லை. தையில் எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) திருப்பூட்டு, அதாவது தாலி பூட்டுவது, மறுநாள் மாதா கோயிலில் மோதிரம் மாற்றுவது என்று ஏற்பாடு. எங்கள் வழக்கப்படி இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்த ஓலை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாதா? வேற்று மதத்தில் கட்டினால் பூர்வீக வீட்டில் அவள் பங்கு போய்விடும் என்று பங்காளிகள் சொல்வது உண்மையா?

பதில்: ஆச்சி, பெரியவர்கள் கூடி சம்மதித்துச் செய்கிறீர்கள், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கழுத்துரு (உங்கள் வழக்கத் தாலி) பூட்டிய அந்த நிமிடத்தில் ஊர் கண்ணுக்கு அவர்கள் கணவன் மனைவி. சட்டத்தின் கண்ணுக்கு இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் கிறிஸ்தவர் என்றால் அந்தச் சட்டப்படி திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இசைகுடிமானமும் திருமணத்தை உண்டாக்காது. ஆனாலும் எழுதுங்கள், என்ன கொடுத்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. வரதட்சணையாகக் கேட்டு வாங்கியதாக மட்டும் அதில் எதுவும் இருக்கக் கூடாது. திருமணத்துக்கு உங்கள் நகரக் கோயிலிலிருந்து மாலை வருமா என்பது ஊரும் கோயிலும் சொல்ல வேண்டியது. திருமணம் செல்லுமா என்பதை அது தீர்மானிக்காது.

சரி, வழி என்ன? இரண்டு இருக்கின்றன.

ஒன்று, மாதா கோயில் திருமணமே. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆயரின் அனுமதி வேண்டும். பங்குத் தந்தையிடம் இப்போதே கேளுங்கள். நடக்கப் போவது முறையான திருமணமா, வெறும் ஆசீர்வாதமா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். ஆசீர்வாதம் மட்டும் என்றால், இரண்டு நாள் விருந்து போட்டும் சட்டப்படி திருமணமே நடக்கவில்லை என்றாகிவிடும்.

இன்னொன்று, 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாறாத இருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகள் முன் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. இதை முடித்துவிட்டு, திருப்பூட்டும் மாதா கோயில் ஆசீர்வாதமும் உங்கள் விருப்பப்படி நடக்கட்டும்.

இப்போது பங்கு. பங்காளிகள் சொல்வது தவறு. மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. 2005 திருத்தம் அதைத் தந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாரைக் கட்டினாலும் அந்தப் பங்கு போகாது. ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி வேற்று மதத்தவரைக் கட்டும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார். பங்காளிகள் இதைத்தான் காதில் வாங்கி மாற்றிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரிவது என்றால் இழப்பது இல்லை. அவள் பங்கு அவளுக்கே தனிச் சொத்தாகிறது. அப்புறம் அவள் சொத்து, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும். உயில் இல்லாமல் போனால் கணவருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லை என்றால் கணவருக்குப் பாதி, பிறந்த வீட்டுச் சொந்தத்துக்குப் பாதி. அது வேண்டாம் என்றால், திருமணம் ஆனதும் அவள் ஓர் உயில் எழுதி வைக்கட்டும்.

கடைசியாக நாள் கணக்கு. நோட்டீஸ் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். தை முகூர்த்தம் என்றால் கார்த்திகையில் கொடுப்பது தோது. நோட்டீஸுக்கு முன் ஒருவராவது 30 நாள் சிவகங்கை மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே ஐப்பசியிலேயே மகளோ மாப்பிள்ளையோ ஊருக்கு வந்து தங்கும்படி லீவு கேட்கச் சொல்லுங்கள்.